ஜூன் மழையில் பள்ளி திறப்பு: குமரி மாவட்டப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் ஜூனில்தான் திறக்கிறது. ஆனால் மதுரைக்காரருக்கு ஜூன் என்றால் வெயில், நமக்கு மழை. தென்மேற்குப் பருவமழையும் பள்ளி திறப்பும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வாசலில் வந்து நிற்கும். மழை மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். பணமும் அப்போதுதான் முடங்கும்.

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் படகுகள் கட்டிக் கிடக்கும். சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைத் தடை, அது ஏப்ரல் 15-லேயே தொடங்கி ஜூன் 14 வரை போகும். மலையோரமும் தப்பவில்லை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடியற்காலையில் மழை பிடித்துவிட்டால் ரப்பர் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. இப்படிக் கடலும் மலையும் சேர்ந்து கையை விரிக்கிற மாதத்தில்தான் ஃபீஸ், நோட்டு, ஷூ, குடை என்று பட்டியல் நீளும்.

அதனால் நம் ஊரில் பள்ளி திறப்புக்கான வேலை மே மாத வேலை. ஜூனுக்கு என்று எதையும் வைக்காமல் இருப்பதுதான் இந்த வழிகாட்டியின் ஒரே கணக்கு.

படி 1: மே முதல் வாரம், காகிதங்கள்

முதலில் கடைக்குப் போகாதீர்கள். பீரோவைத் திறந்து பிள்ளையின் காகிதங்களை எல்லாம் கட்டிலில் பரப்புங்கள். பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போன வருடத்து மதிப்பெண் அட்டை, பள்ளி மாறுகிறது என்றால் மாற்றுச் சான்றிதழ்.

பரப்பியபின் பார்க்க வேண்டியது பெயரை. நம் மாவட்டத்தில் பாதிச் சிக்கல் இங்கேதான். ஆதாரில் ‘ஜெனிஷா’ என்று இருக்கும், பிறப்புச் சான்றில் ‘ஜெனிஸா’, ஞானஸ்நானச் சான்றில் ‘மரிய ஜெனிஷா’. வீட்டில் கூப்பிடுவதோ வேறொரு பெயர். ஆங்கில எழுத்தில் ஒரு எச் கூடினாலும் குறைந்தாலும் கணினிக்கு அது வேறு பிள்ளை. இன்ஷியலும் அப்படித்தான். ஒன்றில் எழுத்து மட்டும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக. எந்த ஆவணத்தை அடிப்படையாக வைப்பது என்று தடுமாற வேண்டாம், பிறப்புச் சான்றுதான் வேர். அது சரியாக இருந்தால் மற்றதை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். பிறப்பைப் பதிவு செய்தபோது பெயர் வைக்காமல் விட்டிருந்தால், பிறந்த 15 ஆண்டுகளுக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துவிடலாம்.

ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது ஒத்திப்போடக்கூடாத வேலை. பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் பள்ளியின் எமிஸ் பதிவிலிருந்து, அதாவது கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேட்டிலிருந்து போகும். அதில் உள்ள எழுத்துப்பிழை அப்படியே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகிவிடும். பிறகு பாஸ்போர்ட் எடுக்கப் போகிற அன்றைக்குத்தான் அருமை தெரியும். வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு நம் மாவட்டத்தில் எத்தனை இருக்கிறது? வகுப்பாசிரியரிடம் போய், ‘டீச்சர், எமிஸ்ல பிள்ளை பேரு, பிறந்த தேதி எப்படி இருக்குன்னு ஒருக்கா காட்டுங்க’ என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை, யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஆதாரில் இன்னொன்று உண்டு. பிள்ளைக்கு 5 வயதானதும் ஒருமுறை, 15 வயதானதும் ஒருமுறை கைரேகையும் கண்ணும் புதுப்பிக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கும் பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கும் சரியாக அந்த வயது.

சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிப்பதுதான். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக நகரும். பிளஸ் டூ முடிவு வந்தபின் அங்கே வரிசை தெருவுக்கு வந்துவிடும், அதற்குமுன் கொடுத்துவிடுவது புத்தி. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிக்கப்போகிற பிள்ளை என்றால் முதல் பட்டதாரிச் சான்றையும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

கடலோரத்து வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஜூன், ஜூலையில் கடல் ஏறினால் வீட்டுக்குள் தண்ணீர் வர நேரம் ஆகாது. அசல் காகிதங்களை ஜிப் வைத்த கெட்டிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மூடி இறுகும் டப்பாவுக்குள் வைத்து, பரணில் ஏற்றுங்கள். அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றுகளை இறக்கி வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றைப் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கிற அப்பாவின் ஃபோனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

படி 2: பள்ளி மாற்றும் வீடுகளுக்கு மட்டும்

மாறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில்: ஒன்று, ஆறு, பதினொன்று.

ஒன்றாம் வகுப்புக்குத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 5 வயது நிறைந்திருந்தால் போதும். கேந்திரிய வித்யாலயா என்றால் மார்ச் 31-க்குள் 6 வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறதே என்று நாலே முக்கால் வயதுப் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு வருடம் அங்கன்வாடியில் மண் அளைந்துவிட்டுப் போனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஆறாம் வகுப்பில் நிதானம் வேண்டும். குமரியில் அரசு உதவி பெறும் பள்ளிகள் அதிகம். சபைகளும் மிஷனும் 200 வருடத்துக்குமுன் மயிலாடியில் தொடங்கி வைத்த வழக்கம் அது, 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் வந்ததில் அந்தப் பள்ளிகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் சலுகை என்று வரும்போது ‘அரசுப் பள்ளி’ வேறு, ‘அரசு உதவி பெறும் பள்ளி’ வேறு. மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். ஆறாம் வகுப்பிலிருந்தே அங்கே படித்திருக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. கல்லூரி போகும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் முதலில் அரசுப் பள்ளியோடு நின்றது, 2024 டிசம்பர் கடைசியில்தான் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீண்டது. உதவி பெறும் பள்ளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நர்ஸாகவோ டாக்டராகவோ ஆகவேண்டும் என்று கனவு காணும் வீடுகள் நம்மிடம் ஏராளம், ஆறாம் வகுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் நாளிலேயே இது தெரிந்திருக்கட்டும்.

பதினொன்றில் எந்த குரூப் என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்யவேண்டும். எடுத்தபின் ‘எனக்கு இது வராது’ என்று சொன்னால் முதல் இரண்டு வாரத்துக்குள் பள்ளியில் பேசுங்கள், அதற்குமேல் போனால் மாற்றுவது பாடு. படிப்பில் பிடிப்பில்லாத, கைவேலையில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு நாகர்கோவில் கோணம் அரசு ஐடிஐ இருக்கிறது, அதைத் தோற்றவர்கள் போகும் இடமாகப் பேசுவதை நிறுத்துவோம். பத்தில் ஒரு பாடம் போய்விட்டதா, வீட்டில் முடக்கி வைக்காதீர்கள். துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வந்துவிடும், அதற்குப் பள்ளியிலேயே பணம் கட்டலாம்.

எல்லையோரம், களியக்காவிளைப் பக்கம், கேரளப் பள்ளியிலிருந்து இந்தப் பக்கம் வருகிற பிள்ளைகள் உண்டு. மலையாள வழிப் பள்ளிகள் நம் மாவட்டத்திலும் இருக்கின்றன. ஆனாலும் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே தமிழ் கட்டாயப் பாடம். வீட்டில் மலையாளம் பேசி, வாசிப்பும் மலையாளத்தில் பழகிய பிள்ளைக்கு மே மாதம் முழுக்கத் தினம் அரைமணி நேரம் தமிழ் எழுத்து வேண்டும். 

படி 3: மே பதினைந்துக்குள் பணக் கணக்கு

தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் பள்ளிக்கூடம் தருவது, மறுபக்கம் நாம் வாங்குவது என்று எழுதுங்கள்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பாடப்புத்தகமும் நோட்டும் இலவசம். சத்துணவில் பதிந்திருக்கிற எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நான்கு ஜோடிச் சீருடை. வகுப்பைப் பொறுத்துப் பை, செருப்பு, கணிதப் பெட்டி, வண்ணப் பென்சில், நிலவரைபடப் புத்தகம். பதினொன்றில் சைக்கிள். இவை எல்லாம் முதல் நாளே கைக்கு வந்துவிடாது. ஆகவே பழைய பையைத் தூக்கிப் போடாதீர்கள், புதுப் பையும் வாங்காதீர்கள். தையல் விட்ட இடத்தை மார்த்தாண்டத்திலோ திங்கள்சந்தையிலோ பை தைப்பவரிடம் கொடுத்தால் இன்னொரு பருவம் தாங்கும்.

தனியார் பள்ளி என்றால், அந்தப் பள்ளிக்குத் தனியார் பள்ளிகள் கட்டண நிர்ணயக் குழு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்று கேளுங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த குழு அது. கட்டுகிற ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். மீன்பிடித் தடைக்காலத்து வீடு என்றால் மே மாதமே தலைமையாசிரியரை நேரில் பார்த்து, ‘ஆகஸ்ட்ல ரெண்டாவது தவணை கட்டிருவேன் சார்’ என்று சொல்லி, முடிந்தால் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாக்கி வைத்துவிட்டு ஜூலையில் பிள்ளையைக் கொண்டு பேசவைப்பதைவிட இது எவ்வளவோ மேல். கந்துவட்டிப் பக்கம் திரும்பவே வேண்டாம். மகளிர் குழுவில் சேமிப்பு இருந்தால் அந்தக் கடன் போதும்.

நலவாரிய அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். மீனவர், கட்டுமானத் தொழிலாளி, தையல்காரர், ஆட்டோ ஓட்டுநர் என்று வாரியங்கள் பல. பதிவு புதுப்பித்திருந்தால்தான் பிள்ளைகளின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்க முடியும், ஆனால் அட்டையை எடுத்துவிட்டுப் புதுப்பிக்க மறந்த வீடுகள்தான் அதிகம். சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்திருந்தால் அல்லது நிரந்தரமாக முடங்கியிருந்தால், அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்பு வைக்கும் திட்டமும் உண்டு. தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போகவேண்டும். உங்கள் வீட்டுக்கு வேண்டாமல் இருக்கலாம், தெருவில் யாருக்காவது வேண்டியிருக்கும்.

படி 4: மழைக்காக வாங்குவது

வெயிலூரில் எழுதப்பட்ட பட்டியலில் தண்ணீர் பாட்டில் முதலில் இருக்கும். நம் பட்டியலில் முதலில் குடை.

சின்னப் பிள்ளைக்கு மடக்குக் குடை வேண்டாம். காற்றோடு மழை வந்தால் அது தலைகீழாகப் புரட்டிக்கொள்ளும், பிள்ளை அதைச் சரிசெய்வதற்குள் முழுக்க நனைந்துவிடும். நீளக் கம்பிக் குடையில் பெயரைப் பெயிண்ட் பேனாவால் துணியின் உட்பக்கம் எழுதுங்கள். கைப்பிடியில் எழுதினால் ஒரே மாதத்தில் அழிந்துவிடும். ஆலப்புழைக் குடைகள் நம் கடைகளில் எப்போதும் கிடைக்கும், விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் கம்பி நிற்கும். சைக்கிளில் போகிற பிள்ளைக்குக் குடை ஆபத்து. மேலும் கீழுமாக இரண்டாக வரும் மழைக்கோட்டு வாங்குங்கள், அதுவும் பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ. கறுப்புக் கோட்டு மழையிருட்டில் லாரிக்காரர் கண்ணில் படாது.

பைக்கு வெளியே உறை போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். துணிக்கடையில் தருகிற பெரிய கெட்டிக் கவரைப் பைக்குள்ளே விரித்து, புத்தகத்தை அதற்குள் இறக்கி, வாயைச் சுருட்டி விடுங்கள். எல்லா மழையுறையையும்விட இது நன்றாகக் காக்கும், காசும் இல்லை. நோட்டுக்குப் பிரவுன் அட்டை போட்டபின் மேலே பிளாஸ்டிக் உறை. பேனாவும் பார்த்து வாங்குங்கள். ஜெல் பேனா எழுத்து ஒரு துளி விழுந்தாலே கரைந்து ஓடும், பால்பாயிண்ட் நிற்கும்.

சீருடை ஜூன், ஜூலையில் காயாது. அதுதான் நம் வீடுகளின் பெரிய தலைவலி. குறைந்தது மூன்று செட் இருந்தால் ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று மடிப்பில் என்று ஓடும். தைக்கக் கொடுப்பதானால் துணியை வாங்கி ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட்டு, மே நடுவிலேயே கொடுங்கள். கடைசி வாரத்தில் தக்கலையிலோ கருங்கலிலோ எந்த டெய்லரும் உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டார். கீழ்மடிப்பில் இரண்டு அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், டிசம்பருக்குள் பிள்ளை வளர்ந்திருக்கும்.

ஷூ நனைந்து வந்தால் உடனே செய்யவேண்டியது இது. உள்ளே இருக்கும் மெத்தையை உருவித் தனியாக வையுங்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி உருண்டையாக்கி, விரல் முனை வரை அடைத்து, சாய்த்து வையுங்கள். படுக்கப்போகும்முன் அந்தத் தாள் சொதசொதவென்று இருக்கும், எடுத்துவிட்டு வேறு தாள் அடையுங்கள். காலையில் ஈரம் பெரும்பாலும் போயிருக்கும். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் பசை விட்டு அடிப்பாகம் கழன்றுவிடும். சாக்ஸ் மட்டும் நான்கு ஜோடி இருக்கட்டும், ஈரச் சாக்ஸைத் திரும்பப் போட்டால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் நிச்சயம். பள்ளி அனுமதித்தால் மழை மாதங்களில் பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பே போதும். அனுமதிக்கச் சொல்லிப் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

படி 5: போக வர

அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டை. புது அட்டை வரும்வரை பழைய அட்டையையோ சீருடையையோ பார்த்து ஏற்றிக்கொள்ளச் சொல்லி ஒவ்வொரு வருடமும் போக்குவரத்துத் துறை அறிவிப்பு வெளியாகும். கண்டக்டர் கேட்டால் அதைச் சொல்லப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். படிக்கட்டில் தொங்காதே என்பதையும் சேர்த்து.

வேன் என்றால் பணம் கட்டுமுன் ஒருநாள் போய் ஏறிப் பாருங்கள். பள்ளி வாகனங்களுக்கான 2012-ஆம் ஆண்டுச் சிறப்பு விதிகள் உதவியாளர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் எல்லாம் கேட்கின்றன. மிதிக்கிற பலகையைக் கையால் அழுத்திப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைத் திணிக்கிற ஆட்டோவை, மாதம் இருநூறு ரூபாய் குறைகிறது என்பதற்காக நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நடந்து போகிற பிள்ளைக்கு வழியை நீங்கள் ஒருமுறை மழை நாளில் நடந்து பாருங்கள். கால்வாய்க் கரை எங்கே வழுக்குகிறது, எந்த இடத்தில் ரோடும் ஓடையும் ஒன்றாகிறது என்று கோடையில் தெரியாது. தண்ணீர் சாலையைக் கடந்து ஓடினால் தாண்டக்கூடாது, திரும்பி வந்துவிடலாம், யாரும் அடிக்கமாட்டார்கள் என்று தெளிவாகச் சொல்லிவையுங்கள். பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் உள்ள காணிப் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து படகில் வருகிற பிள்ளைகளுக்கு இது இன்னும் கண்டிப்பு.

படி 6: சோறும் உடம்பும்

ஒன்று முதல் ஐந்து வரை அரசுப் பள்ளியில் காலை உணவு உண்டு, 2024 ஜூலையில் ஊரக உதவி பெறும் பள்ளிகளுக்கும் 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது வந்தது. பள்ளியில் என்ன நேரத்துக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்பப் பிள்ளையை அனுப்புங்கள்.

கட்டிக் கொடுப்பதானால் தேங்காய் அரைத்த கூட்டும் சம்மந்தியும் (தேங்காய்த் துவையல்) ஈரக்காற்றில் மதியத்துக்குள் ஊசிவிடும். தேங்காயை வதக்கிச் சேர்த்த துவரன், பயறு, முட்டை, புளிவிட்ட குழம்பு தாங்கும். சோறு ஆவி அடங்கியபின் மூடுங்கள். மட்டிப்பழம் பையில் நசுங்கும், அவித்த ஏத்தன்பழம் (நேந்திரம்) நல்லது. குடிக்கச் சீரக வெள்ளம், ஆறவைத்து.

சேற்றுத் தண்ணீரில் நடக்கும் பிள்ளைக்கு எலிக்காய்ச்சல் பயம் உண்டு. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு வெட்டு வழியாகவே உள்ளே போகும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு நிறுத்தாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வீடு வந்ததும் கால் கழுவித் துடைப்பது வழக்கமாகட்டும். 5-6 வயதில் டிபிடி ஊக்கத் தடுப்பூசி, 10-இலும் 16-இலும் டிடி தடுப்பூசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

பையின் எடையைப் பார்க்காத வீடுகள் அதிகம். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு அதிகபட்சம் 2.2 கிலோ. மளிகைக் கடைத் தராசில் ஒருநாள் வைத்துப் பாருங்கள்.

படி 7: திறப்புக்கு முந்தைய வாரம்

எட்டு மணிக்கு எழும்புகிற பிள்ளையை முதல் நாள் ஆறு மணிக்கு எழுப்பினால் வீடு போர்க்களம். ஒரு வாரம் முன்பிருந்தே தினம் கால்மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். ஃபோனை ராத்திரி சமையலறையில் சார்ஜ் போடுங்கள், உங்கள் ஃபோனையும் சேர்த்து.

முதல் முறை போகிற குழந்தையிடம், ‘அழக்கூடாது மக்களே’ என்று சொல்லாதீர்கள். எத்தனை மணிக்குக் கூப்பிட வருவீர்கள், யார் வருவீர்கள் என்று மட்டும் சொல்லி, அதைக் காப்பாற்றுங்கள். கழிப்பறை எங்கே, அதை எப்படிக் கேட்பது என்பதையும் முதல் நாளே காட்டிக்கொடுங்கள். பகல் முழுக்க அடக்கிக்கொண்டு வருகிற பெண்பிள்ளைகள் மேல்வகுப்பிலும் உண்டு.

அப்பா சவூதியில், அம்மா குவைத்தில் நர்ஸ், பிள்ளை பாட்டியிடம் என்று இருக்கிற வீடுகளில், பள்ளிக்கு உள்ளூர் ஃபோன் எண் ஒன்று கட்டாயம் கொடுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வெளிநாட்டு எண் மட்டும் இருந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற செய்தி அங்கே ஒருவர் டியூட்டி முடிந்து பார்க்கும்போதுதான் தெரியும். பாட்டி கையெழுத்துப் போடலாம் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

படி 8: முதல் மாதம்

முதல் வாரத்தில் டியூஷன் சேர்க்காதீர்கள். பிள்ளை எந்தப் பாடத்தில் திணறுகிறது என்று தெரியாமல் டியூஷன் வைப்பது மருந்து தெரியாமல் ஊசி போடுவது. ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள், பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். அன்றைக்கு விழாவுக்குப் போகிறவர்கள் அப்படியே வகுப்பாசிரியரை ஒரு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வரலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போங்கள், ஒழுகுகிற கூரையைச் சொல்ல அதுதான் இடம். கேட்க ஆள் இல்லாத குறைக்குக் கல்வி உதவி எண் 14417, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.

மழை லீவு விஷயத்தில், ‘எம்மா, கலெக்டர் லீவு விட்டாச்சாம்’ என்று பிள்ளை ஃபோனைக் காட்டினால் முதலில் தேதியைப் பாருங்கள். போன வருட அறிவிப்பு ஒவ்வொரு மழைக்கும் புதிதாகச் சுற்றும். மாவட்ட நிர்வாகத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலோ பள்ளிக் குழுவிலோ வந்தால்தான் லீவு.

உள்ளூர் விடுமுறையும் நமக்குத்தான் அதிகம்: ஓணம், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேரோட்டம், சிவாலய ஓட்டம் நடக்கும் சிவராத்திரி, மண்டைக்காடு கொடை. ஒவ்வொரு உள்ளூர் விடுமுறைக்கும் ஈடாகப் பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை பள்ளி நடக்கும், அந்தத் தேதி விடுமுறை அறிவிப்பிலேயே கடைசி வரியில் இருக்கும். கல்யாணத்துக்கோ ஊருக்கோ டிக்கெட் போடுமுன் அந்த வரியைப் பார்த்துவிடுங்கள்.